இறுவட்டும் பென் ட்ரைவும் கொண்டு நடத்தும் மின்னஞ்சல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளவத்தையில் வாடகை அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக் கணினியை இரவல் கேட்டுப் பாவிப்பவருக்கும், புறக்கோட்டைக் கடையொன்றின் கணக்குக் கணினியில் அரை மணி நேரம் உட்காரக் கிடைப்பவருக்கும் லினக்ஸ் லைவ் இறுவட்டு இன்றும் பயன்படுகிறது. வன்தட்டைத் தொடாமல் இறுவட்டிலிருந்தே இயங்குதளம் எழுவதால், உரிமையாளரின் விண்டோஸில் எந்த வைரஸ் குடியிருந்தாலும் அது நம் அமர்வில் இயங்காது. வேலை முடிந்து இறுவட்டையும் பென் ட்ரைவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால், நமது கடிதங்களின் பிரதி எதுவும் அந்த வன்தட்டில் தங்காது.

இந்த வழிமுறை, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனின், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல் கொண்ட லைவ் பதிப்பை டிவிடி ஒன்றில் எழுதி, தண்டர்பேர்டை அஞ்சல் செயலியாக வைத்து, அமைப்புகளை ஒரு பென் ட்ரைவில் சேமிக்கும் ஏற்பாட்டுக்கு எழுதப்பட்டது. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையைப் பாவிப்பவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் இடத்தில் குறிப்பிடப்படும்.

பிழை தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இந்த ஏற்பாட்டில் இயங்குதளம் இறுவட்டில் இருக்கிறது, கணக்கு விபரங்களும் அமைப்புகளும் பென் ட்ரைவில் இருக்கின்றன, கடிதங்கள் அஞ்சல் சேவையகத்தில் இருக்கின்றன. இவை மூன்றும் கண்ணுக்குத் தெரிந்த இடங்கள். நான்காவது இடம் கணினியின் ரேம். லைவ் அமர்வில் நாம் எழுதும் எதுவும், வேறு வழி சொல்லாவிட்டால், அங்கேதான் போய் விழும், மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும், அந்தப் பொருள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால், தேடல் பாதியாகக் குறையும்.

இறுவட்டைப் போட்டும் விண்டோஸே திறக்கிறது

கணினியை இயக்கியவுடன் துவக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12 ஆகவும், எச்பியில் எஃப்9 ஆகவும் இருக்கும். பட்டியலில் டிவிடி ட்ரைவ் தெரிந்தும் அதைத் தெரிவு செய்த பின் விண்டோஸே வந்தால், இறுவட்டு எழுதப்பட்ட விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதை விண்டோஸில் திறந்து பாருங்கள்: உள்ளே ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் இருந்தால், அது சாதாரணக் கோப்பாகப் பிரதி செய்யப்பட்டிருக்கிறது. 'டிஸ்க் இமேஜ் எழுது' என்ற தெரிவின் வழியாகப் புதிய இறுவட்டில் மீண்டும் எழுத வேண்டும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வெற்று டிவிடி வாங்கும்போது கொள்ளளவையும் கணக்கில் எடுங்கள். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி மட்டுமே கொள்ளும். டெபியன் எக்ஸ்எஃப்சிஇயும் மின்ட்டும் அதற்குள் அடங்கும், உபுண்டு 24.04 அடங்காது. எழுதும் வேகத்தை மிகக் குறைவாக வைத்து, எழுதும் முன், ஐஎஸ்ஓ கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் ஷா256 எண்ணை வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால், பாதியில் நின்றுபோகும் துவக்கங்களில் பெரும்பகுதி வராது.

செயலி 64 பிட் இல்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி தோன்றி எல்லாம் நின்றுவிட்டால், இறுவட்டில் தவறில்லை, கணினிதான் 32 பிட் ஆனது. அதற்கு அன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகையின் 32 பிட் பதிப்பு பொருந்தும். ஒப்பமிடாத இயங்குதளங்களைத் துவங்கவிடாத செக்கியூர் பூட் என்ற காவல் தடுத்தால், அதை முடக்கச் சொல்லி உரிமையாளரைக் கேட்பதைவிட, டெபியன் 10க்குப் பிந்திய பதிப்பு ஒன்றைப் பாவிப்பது மேல். இரவல் கணினியின் துவக்க அமைப்பான பயாஸில் கை வைப்பது நல்ல பழக்கமல்ல.

நேற்று அமைத்த கணக்கு இன்று இல்லை

இது மிகப் பொதுவான முறைப்பாடு. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: அமைப்புகள் பென் ட்ரைவுக்குப் போகாமல் ரேமில் எழுதப்பட்டிருக்கின்றன.

டெபியன் லைவ், சேமிப்பிடத்தைத் தானாகத் தேடிப் பிடிப்பதில்லை. துவக்க வரியில் பெர்சிஸ்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை நாமே சேர்த்தால்தான் தேடும். பென் ட்ரைவிலிருந்து துவக்குபவர் அந்த வரியை ஒருமுறை திருத்திச் சேமித்துவிடலாம். டிவிடியில் எதையும் திருத்த முடியாதென்பதால், ஒவ்வொரு துவக்கத்திலும் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பழைய பயாஸ் கணினியில் துவக்கப் பட்டியல் தெரியும்போது டேப் விசையை அழுத்தினால் வரி கீழே தோன்றும்; இறுதியில் ஓர் இடைவெளி விட்டுச் சொல்லைச் சேர்த்து என்டர் அழுத்த வேண்டும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ கொண்ட புதிய கணினியில் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் அதே சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும்.

சொல்லைச் சேர்த்தும் சேமிப்பாகவில்லை என்றால், பென் ட்ரைவின் பார்ட்டிஷனை, அதாவது அதில் பிரித்தமைத்த சேமிப்புப் பகுதியை, பார்க்க வேண்டும். அதன் பெயர்ச்சீட்டும் அதே சொல்லாக, முழுவதும் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். முதல் எழுத்தைப் பெரிதாக இட்டாலும் லைவ் அமைப்பு அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். பார்ட்டிஷனின் மேல் மட்டத்தில், அதே சொல்லோடு புள்ளி இட்டு 'கான்ஃப்' என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கோப்புக்குள் சாய்கோடும் ஹோம் என்ற சொல்லும், ஓர் இடைவெளியும், யூனியன் என்ற சொல்லும் கொண்ட ஒரே வரி போதும். மின்ட், உபுண்டு வகைகளில் துவக்கச் சொல் 'பெர்சிஸ்டன்ட்' என்றும், பார்ட்டிஷனின் பெயர் 20.04 முதலான பதிப்புகளில் 'ரைட்டபிள்' என்றும், அதற்கு முந்தியவற்றில் 'காஸ்பர்-ஆர்டபிள்யூ' என்றும் மாறும்.

இதே கோளாறுக்கு இன்னொரு முகமும் உண்டு. கணக்கின் கோப்புறை இருக்கிறது, ஆனால் தண்டர்பேர்டையே காணவில்லை. சேமிப்புக் கோப்பில் ஹோம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், நமது கோப்புகள் தங்கும், நாம் நிறுவிய மென்பொருள் தங்காது. ஹோம் என்ற சொல்லை நீக்கிச் சாய்கோட்டை மட்டும் விட்டால் முழு அமைப்பும் சேமிக்கப்படும். ஆயினும் அப்படிச் செய்தபின் முழு இயங்குதளத்தையும் புதுப்பிக்க முனைவது பென் ட்ரைவை விரைவில் நிரப்பிவிடும். தண்டர்பேர்ட் ஏற்கெனவே அடங்கிய மின்ட் போன்ற இறுவட்டைத் தெரிந்து, ஹோமை மட்டும் சேமிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பென் ட்ரைவ் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்கிறது

கடிதங்களைச் சேவையகத்திலேயே விட்டு வாசிக்கும் முறையான ஐமேப்பில் கணக்கொன்றைச் சேர்த்தவுடன், தண்டர்பேர்ட் எல்லாக் கடிதங்களின் பிரதியையும் கணினியில் இறக்கி வைக்கத் தொடங்கும். சேமிப்பு வேலை செய்யாத அமர்வில் அந்தப் பிரதி ரேமிலுள்ள தற்காலிக இடத்துக்குப் போகும். அந்த இடம் பொதுவாக ரேமின் பாதி அளவே. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில், பல வருடக் கடிதங்களும் படங்களும் நிறைந்த பெட்டி அதைச் சில நிமிடங்களில் நிரப்பிவிட, கணினி முதலில் மந்தமாகி, பின்னர் உறைந்துவிடும். முதலில் மேலே சொன்னபடி சேமிப்பைச் சரிசெய்யுங்கள். அதன்பின் கணக்கு அமைப்பில் 'ஒத்திசைவும் சேமிப்பும்' என்ற பகுதிக்குப் போய், இந்தக் கணினியில் கடிதங்களை வைத்திருக்கும் தெரிவை நீக்குங்கள், அல்லது கடைசி 30 நாட்களுக்கு மட்டுப்படுத்துங்கள். மொபைல் டேட்டாவில் இணைபவருக்கு இதனால் பணமும் மிச்சமாகும்.

பென் ட்ரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் வேறொரு வரம்பு குறுக்கே வரும். அந்த வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தண்டர்பேர்டோ ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாகவே வழக்கமாக வைக்கிறது. பார்ட்டிஷனை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் அமைப்பதே முறை.

இணைய இணைப்பே கிடைக்கவில்லை

வைஃபை அட்டையை லினக்ஸ் அடையாளம் காணாவிட்டால், அங்கே நின்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, தொலைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி வலையமைப்பாக எடுத்துக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், டெபியன் 12 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். 2023 முதல் அதன் அதிகாரபூர்வ இறுவட்டிலேயே வைஃபை அட்டைகளை இயக்கத் தேவையான சிறு மென்பொருளான ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. வைஃபை இணைந்தும் அஞ்சல் மட்டும் வராதிருந்தால், முதலில் உலாவியைத் திறந்து பாருங்கள். தேநீர்க் கடைகளிலும் தங்கு விடுதிகளிலும் நுழைவுப் பக்கம் ஒன்று காத்திருக்கும். அதை ஏற்கும்வரை தண்டர்பேர்டுக்கு வழி திறக்காது.

சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது, அல்லது கடிதங்களின் நேரம் பிசகுகிறது

இரண்டும் கடிகாரத்தோடு தொடர்புடையவை என்பதால் சேர்த்தே பார்ப்போம்.

சேவையகத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று எச்சரிக்கை வந்தால், கணினியின் திகதியைப் பாருங்கள். பல வருடங்கள் பின்னால் இருந்தால், தாய்ப்பலகையிலுள்ள சீஆர்2032 பற்றரி இறந்துவிட்டது. அந்த அமர்வுக்குத் திகதியைக் கையால் சரிசெய்து தொடரலாம். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், இறுவட்டின் வயதைப் பார்க்க வேண்டும். மற்றச் சான்றிதழ்களை நம்பலாமா என்று முடிவுசெய்ய உதவும், இறுவட்டிலுள்ள மூலச் சான்றிதழ்ப் பட்டியல் அது எழுதப்பட்ட நாளோடு உறைந்து நிற்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்கள் பலவும் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானதால், அதற்கு மாற்றானதை அறியாத பழைய இறுவட்டுகள் நல்ல சேவையகத்தையும் சந்தேகிக்கும். இதற்குத் தீர்வு புதிய இறுவட்டு மட்டுமே. 'விதிவிலக்கை ஏற்கிறேன்' என்ற பொத்தானை, குறிப்பாகப் பொது வைஃபையில், அழுத்தவே கூடாது.

நேரப் பிசகு இதைவிடச் சிக்கலானது. விண்டோஸ் நிறுவிய கொழும்புக் கணினியின் உள்கடிகாரம் கொழும்பு நேரத்தில் ஓடுகிறது. லினக்ஸோ அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 5 மணி 30 நிமிடம். லைவ் இறுவட்டின் நேர வலயமும் பொது நேரமாகவே இருப்பதால், காலை 10 மணிக்குத் திரையும் 10 என்றே காட்டும், எதுவும் பிழையாகத் தோன்றாது. ஆனால் அனுப்பும் கடிதத்தின் தலைப்பில் 'பொது நேரம் 10' என்று பதிவாகி, யாழ்ப்பாணத்தில் பெறுபவருக்கு அது பிற்பகல் 3.30க்கு எழுதிய கடிதமாகத் தெரியும். சற்று நேரத்தில் இணையம் கிடைத்து லினக்ஸ் நேரத்தைத் தானாகத் திருத்திக்கொண்டதும், திரை அதிகாலை 4.30 என்று காட்டும். இப்போதுதான் அது உண்மையில் சரியாக இருக்கிறது. ஆனால் பாவனையாளர் பிழையென்று எண்ணி, மணியைக் கையால் 10க்குத் தள்ளி, பழைய பிசகையே மீண்டும் கொண்டுவருகிறார்.

மணியைத் தொடாமல் நேர வலயத்தை மட்டும் 'ஏசியா, கொலம்போ' என்று மாற்றுவதே சரியான வழி. டெபியனில் பெர்சிஸ்டன்ஸ் சொல்லைச் சேர்க்கும் அதே துவக்க வரியில், டைம்ஸோன் என்ற சொல்லும் சமன் குறியும், பின்னர் ஏசியா, சாய்கோடு, கொலம்போ என்பதும் இடைவெளியின்றி எழுதினால் அமர்வு தொடக்கத்திலேயே வலயம் சரியாகும். பின்னர் திரை பிற்பகல் 3.30 என்று காட்டினாலும் பதறாமல், இணையம் கிடைத்து நேரம் தானாகத் திருந்தும்வரை கடிதம் அனுப்பாமல் இருங்கள்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. இணையத்திலிருந்து பெற்ற பொது நேரத்தை லினக்ஸ் உள்கடிகாரத்திலும் எழுதிவிடக்கூடும். நீங்கள் போனபின் உரிமையாளர் விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். புறப்படும் முன் விண்டோஸை ஒருமுறை திறந்து நேர அமைப்பில் 'இப்போதே ஒத்திசை' என்பதை அழுத்திவிட்டால், அடுத்த முறை கணினி கேட்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள். 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட பழைய கடிதங்களில் பொது நேரத்தோடு 6 மணி வேறுபாடு தெரிந்தால் அது பிழையல்ல. அந்தக் காலத்தில் இலங்கை நேரமே அப்படித்தான் இருந்தது.

கடவுச்சொல் சரி, ஆனால் சேவையகம் மறுக்கிறது

உலாவியில் ஏற்கப்படும் அதே கடவுச்சொல்லை தண்டர்பேர்டில் ஏற்க மறுப்பது இப்போது இயல்பான நடைமுறை. ஜிமெயில் 2022 மே மாதத்துடன் தனிநபர் கணக்குகளுக்கும், மைக்ரோசொஃப்டின் அவுட்லுக் 2024 செப்டெம்பரில் தனிப்பட்ட கணக்குகளுக்கும், வெளிச் செயலிகள் வெறும் கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்திவிட்டன. கணக்கு அமைப்பில் அடையாள முறையை, செயலிக்குக் கடவுச்சொல்லைத் தராமல் அனுமதி மட்டும் தரும் 'ஓஆத்2' என்று மாற்றினால், சிறு சாளரம் ஒன்று திறந்து அங்கே நுழைவு கேட்கும். அந்தச் சாளரம் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்ட் அமைப்பில் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அனுமதிக்க வேண்டும். ஜிமெயிலுக்கு இன்னொரு வழியும் உண்டு: இரு படி உறுதிப்படுத்தலை இயக்கிவிட்டு, 16 எழுத்து கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெற்றுப் பாவிக்கலாம். இரவல் கணினிகளில் திரியும் ஏற்பாட்டுக்கு நான் இதையே விரும்புகிறேன். பென் ட்ரைவ் கைவிட்டுப் போனால் அந்த ஒன்றை மட்டும் ரத்துச் செய்தால் போதும்.

ஒவ்வொரு முறையும் 'புதிய கருவியிலிருந்து நுழைவு' என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், மறுபடியும் சேமிப்பு வேலை செய்யவில்லை என்பதே பொருள்.

கடிதம் வருகிறது, போகவில்லை

அனுப்பும் சேவையகத்தின் வாசல் (போர்ட்) இலக்கம் 25 ஆக இருந்தால் அதை 587 ஆக மாற்றி ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையைத் தெரிவு செய்யுங்கள், அல்லது 465உடன் எஸ்எஸ்எல்லைத் தெரிவு செய்யுங்கள். 25 என்பது சேவையகங்கள் தமக்குள் பேசும் வாசல். பல இணைப்புகளில் அது மூடப்பட்டிருக்கும். அனுப்பும் சேவையகத்துக்கும் பாவனையாளர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையே கொடுக்க வேண்டும். பெரிய இணைப்புள்ள கடிதம் மட்டும் போகாவிட்டால் அளவைப் பாருங்கள்: ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி, ஆனால் இணைப்புகள் அஞ்சலுக்காகக் குறியேற்றப்படும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால், 20 எம்பி கோப்பே தாண்டிவிடும்.

தமிழ் சரியாகத் தெரியவில்லை

வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோஹித் எழுத்துருவை நிறுவினால் தீரும். எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் வரிசையாக வந்தால், தண்டர்பேர்டின் காட்சிப் பட்டியலில் உள்ள 'உரைக் குறியேற்றத்தைச் சரிசெய்' என்பதை முயலுங்கள். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குழப்பமாக இருந்தால் அது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினி. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இலங்கை அச்சகங்களிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் இன்னும் இப்படிப்பட்ட கடிதங்கள் வருகின்றன. அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டி வாசிக்கலாம். எழுதுவதற்கு ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால், ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் இரண்டுமே கிடைக்கும்.

தண்டர்பேர்ட் திறக்க மறுக்கிறது

'ஏற்கெனவே இயங்குகிறது' என்று சொன்னால், முந்தைய அமர்வு மின்வெட்டிலோ, பென் ட்ரைவைப் பிடுங்கியதாலோ முறையாக மூடப்படவில்லை. வேறு சாளரம் திறந்திருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் தண்டர்பேர்ட் கோப்புறைக்குள் போய், சுயவிபரக் கோப்புறையிலுள்ள 'லொக்' என்ற கோப்பை நீக்குங்கள். திறந்தபின் ஏதேனும் பெட்டியில் கடிதத் தலைப்புகள் குழம்பியிருந்தால், அதன் பண்புகளில் 'கோப்புறையைச் சரிசெய்' என்பதை அழுத்தினால் சுட்டி மீண்டும் கட்டப்படும்.

'பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்' என்று சொன்னால் காரணம் வேறு. ஒரே பென் ட்ரைவை இரண்டு இறுவட்டுகளோடு மாறி மாறிப் பாவிக்கும்போது, புதிய தண்டர்பேர்ட் தொட்ட சுயவிபரத்தைப் பழையது ஏற்காது. கட்டாயப்படுத்தித் திறக்கும் வழி உண்டென்றாலும், புதிய இறுவட்டையே பாவித்துப் பழையதை ஒதுக்கிவிடுவது பாதுகாப்பானது.

திரை பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டால், டெபியனில் அது 'லைவ்' என்ற நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்.

வாசித்த கடிதங்கள் எங்குமே இல்லை

கணக்கு ஐமேப் அல்லாமல் பாப்3 ஆக அமைந்திருக்கிறது. பாப்3, கடிதங்களைச் சேவையகத்திலிருந்து இறக்கி எடுத்துக்கொள்ளும் முறை. 'சேவையகத்தில் பிரதியை விடு' என்ற தெரிவு அணைந்திருந்து, சேமிப்பும் இல்லாத அமர்வாக இருந்தால், அவை ரேமுக்கு வந்து, கணினி அணைந்தவுடன் அழிந்துவிட்டன. அந்த அமர்வு இன்னும் திறந்திருந்தால் அணைக்காதீர்கள்: சுயவிபரக் கோப்புறை முழுவதையும் பென் ட்ரைவுக்குப் பிரதி செய்யுங்கள். அணைத்துவிட்டால், இணையவழிப் பெட்டியின் குப்பைக் கோப்புறையையும், எல்லாக் கடிதங்களும் உள்ள காப்பகத்தையும் தேடிப் பார்க்கலாம். அதன்பின் அந்தக் கணக்கை நீக்கி, 993 என்ற வாசலில் ஐமேப்பாக மீண்டும் சேர்க்க வேண்டும்.

பென் ட்ரைவ் தொலைந்துவிட்டது

காலி வீதி பஸ்ஸிலோ கடை மேசையிலோ அது நின்றுவிட்டால், கையிலுள்ள தொலைபேசியிலிருந்தே செயலிக் கடவுச்சொல்லை உடனே ரத்துச் செய்யுங்கள். ஓஆத்2 பாவித்திருந்தால், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் தண்டர்பேர்டுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். தண்டர்பேர்டில் சேமித்த கடவுச்சொற்கள், முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை இட்டிருக்காவிட்டால், அந்தப் பென் ட்ரைவைத் திறப்பவர் எவருக்கும் தெரியும். அடுத்த பென் ட்ரைவின் பார்ட்டிஷனை லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் பூட்டி அமையுங்கள். டெபியனின் துவக்க வரியில் பெர்சிஸ்டன்ஸ்-என்கிரிப்ஷன் என்பதையும் சமன் குறியிட்டு லக்ஸ் என்பதையும் கூடுதலாகச் சேர்த்தால், துவக்கத்தின்போது அது பூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும். இறுவட்டில் இரகசியம் எதுவுமில்லை. அதைத் தொலைத்தால் இன்னொன்றை எழுதிக்கொள்ளலாம்.